காய்ச்சல் என்று போனால், எங்கே நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்

கேள்வி: 26 அக்டோபர் 2024, காலை 10.40

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, அக்டோபர் 12 அன்று, நாங்கள் ஆறு பேர் திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு நடந்தே போய் வந்தோம். மழையில் நனைந்து, நம்பியாற்றில் குளித்து, பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்று, வாழ்நாளில் மறக்க முடியாத ஒரு நாள். இப்போது எனக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். தலை பிளக்கிறது. மலைத்தண்ணீர் குடித்ததுதான் காரணம் என்கிறார்கள் வீட்டில். உடன் வந்த ஐவருக்கும் ஒன்றுமில்லை. இப்படி ஆசையாகப் போய்வந்து, பிறகு எதிர்பாராமல் படுக்கையில் விழுந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில்: 26 அக்டோபர் 2024, காலை 11.05

கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதுகிறேன். புல்லில் இருக்கும் ஒரு சிறு பூச்சி கடித்தாலும் இப்படிக் காய்ச்சல் வரும், எனக்கு வந்தது. முதலில் உடம்பு முழுவதும் பாருங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால். கறுத்துக் காய்ந்த பொருக்கு ஒன்று இருக்கிறதா? வலிக்காது, அரிக்காது. அதனால்தான் தெரியாமலே போகும். இருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் போங்கள். மலைக்குப் போனதைத் தேதியோடு சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். என் கதையை இரவு எழுதுகிறேன்.

26 அக்டோபர் 2024, இரவு 9.30

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்குவது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக உள்ள வழக்கம். திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசத்துக்கு மேலே, முண்டந்துறைக் காட்டுக்குள், ஆற்றை ஒட்டிய கோயில். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வீற்றிருந்து தரிசனம் கொடுத்ததை அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருப்பாள். கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமான செய்தி வந்த அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

இந்த ஆண்டு அமாவாசை ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே போய்க் குடில் போட்டுவிட்டோம். அம்மா, அக்காள், அக்காளின் பதினொரு வயது மகன், என் மனைவி, நான். மூன்று கல் கூட்டி அடுப்பு, பெரிய சட்டியில் சொதி, கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காப்பி. இரவில் ஆற்றுச் சத்தம் காதுக்குள்ளேயே ஓடும். ஆண்டு முழுவதும் அரிசி ஆலையின் தவிட்டுத் தூசியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த நான்கு நாள்தான் மூச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் மருமகன் நடு ஆற்றுப் பாறையில் ஏறி உட்கார்ந்திருந்தான். கணுக்கால் தண்ணீரில் நடந்தே போனவன். நான் கரையில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். மேலே மலையில் சாரல் வலுத்திருக்க வேண்டும். முதலில் வந்தது வெள்ளமில்லை, சருகுதான். கை அகலச் சருகுக் கூட்டமும் நுரையும் மிதந்து வந்தன. பச்சையாக இருந்த தண்ணீர் கட்டங்காப்பி நிறத்துக்கு மாறியது. அவன் மிதித்துப் போன கற்களில் கடைசி மூன்று மட்டும் தலை காட்டின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாயின.

“மாமா!” என்று ஒரு முறைதான் கூப்பிட்டான். அதன்பிறகு வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் இன்றும் எனக்குக் கனவில் வருகிறது.

பக்கத்துக் குடில் அண்ணாச்சி ஒருவரும், தலை நரைத்த இன்னொருவரும் ஓடி வந்தார்கள். இரண்டு வேட்டி, அக்காளின் சேலை ஒன்று. “முடிச்சை நனைத்துப் போடுங்கள், அப்போதுதான் நழுவாது” என்று அந்தப் பெரியவர் சொன்னார். ஒரு முனையை மருத மரத்தில் சுற்றி அவர் பிடித்துக்கொள்ள, அண்ணாச்சி நடுவில் நிற்க, நான் போனேன். இடுப்பளவுதான் தண்ணீர். ஆனால் கால் ஊன்ற விடவில்லை. பையனை முதுகில் சுமந்து திரும்பும்போது வலது முழங்கால் பாறையில் மோதிச் சதை பிளந்தது. கரையேறிய பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தேன். அந்த இருவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பினோம். முழங்கால் ஆறிவந்தது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். குளிரோடு வந்தது. கண் சிவந்தது, பின்தலையில் சுத்தியலால் அடிப்பது போல வலி. நான் காட்டிய முதல் மருத்துவரிடம் முழங்கால் புண்ணைத்தான் காட்டினேன். அவர் அதைத்தான் பார்த்தார். புண்ணில் சீழ் பிடித்ததால் வந்த காய்ச்சல் என்று நான்கு நாள் ஊசி. நெருப்பு இறங்கவேயில்லை. டெங்கு பரிசோதனையில் ஒன்றுமில்லை, ரத்தத் தட்டணுக்கள் மட்டும் குறைந்திருந்தன.

ஆறாம் நாள் அம்மா ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அரைஞாண் கயிற்றை விலக்கியவள் அப்படியே நிறுத்தினாள். “இது என்ன ஐயா, பீடி நெருப்புப் பட்டதா? நீதான் குடிப்பதில்லையே” என்றாள். கயிறு உரசும் இடத்தில் ஓர் உளுந்தம் பருப்பு அளவுக்குக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் இளஞ்சிவப்பில் ஒரு வளையம். அழுத்தினால் வலி இல்லை.

மறுநாள் பாளையங்கோட்டையில் வேறொரு மருத்துவர். பொருக்கைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்தார். “கடந்த மூன்று வாரத்தில் எங்கெங்கே போனீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், எல்லாம் சொல்லுங்கள்” என்றார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

27 அக்டோபர் 2024, காலை 6.15

நேற்று நோயின் பெயரையே எழுதாமல் விட்டுவிட்டேன். ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக்காய்ச்சல் என்று போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. ‘ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி’ என்ற கிருமி. ஜப்பானிய மொழியில் ‘முஷி’ என்றால் பூச்சி, ‘சுட்சுகா’ என்றால் கேடு. புல் நுனியில் காத்திருந்து, நாம் உரசும்போது ஏறி, ஆடை இறுக்கும் இடம்வரை ஊர்ந்துபோய்க் கடிக்குமாம். என் அரைஞாண் கயிற்றடியில் அது நின்றதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

முதல் மருத்துவர் போட்ட ஊசி மருந்து பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்தது. அந்த வகை இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. பாளையங்கோட்டை மருத்துவர் கொடுத்தது டாக்சிசைக்கிளின் மாத்திரை, 100 மி.கி., காலையும் இரவும். இரண்டாம் நாள் இரவு வேர்த்துக் கொட்டியது, மூன்றாம் நாள் காலையில் காணப்பயற்றுத் துவையலோடு கஞ்சி கேட்டேன். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பது வழக்கம் என்றார் மருத்துவர். எதை யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது.

காரையாற்றுப் புல்லில் உட்கார்ந்தபோதுதான் கடித்தது. பிள்ளைகளை அங்கே அழைத்துப்போகிறவர்கள் கவனமாக இருங்கள்.

27 அக்டோபர் 2024, பிற்பகல் 2.00

ஒன்று சேர்க்க வேண்டும். அந்த மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. ஓரிரவு மயக்கத்தில் ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டேன். விடியும்வரை நெஞ்சுக்குழியில் தீக்கங்கு வைத்தது போல எரிந்தது. இரண்டு நாள் எச்சில் விழுங்கவும் முடியவில்லை.

29 அக்டோபர் 2024, இரவு 8.20

கேள்வி கேட்டவர் எழுதிவிட்டார். அவருக்குப் பொருக்கு எதுவும் இல்லை. ரத்தத்தில் டெங்கு என்று தெரிந்து, படுக்கையில் சேர்த்திருக்கிறார்கள், தேறிவருகிறார். நல்ல செய்தி.

ஆனால் என் மனத்தில் உறுத்துகிறது. என் நோயையே அவருக்கும் பொருத்திப் பார்க்க நான் அவசரப்பட்டேன். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. வீட்டுத் தொட்டியிலும், குளிர்பெட்டியின் பின்தட்டிலும், தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் வளர்வது. கடித்துப் பெரும்பாலும் நான்கிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சல். மலை நம்பி தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐவருக்கும் ஒன்றும் ஆகாததற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். ‘எப்படியும் மருத்துவரிடம் போங்கள்’ என்று எழுதியிருந்தேனே, அது ஒன்றுதான் ஆறுதல்.

3 நவம்பர் 2024, காலை 7.45

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பதைப் படித்தீர்களா? அவருடைய தாயார் வயலில் களையெடுக்கப் போகிறவர். ஒன்பது நாள் காய்ச்சல். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, ஒரு செவிலியர் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தபோது, மார்புக்கு அடியில் பொருக்கு. முதலில் பார்த்தவர்கள் கையையும் காலையும் பார்த்ததோடு சரி. தாயாரும் வெட்கப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எனக்கு அம்மா இருந்தாள், துடைத்தாள், பார்த்தாள். வயலில் குனிந்து நிற்கும் பெண்களுக்கு யார் பார்ப்பது? வீட்டில் அக்காளோ மதினியோ மகளோ கூடப் பார்க்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் போதும். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நோயே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் முதல் சில நாட்களில் தப்பிவிடும். நோய் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்று என் மருத்துவர் சொன்னார். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அவர் அன்றே மருந்தைத் தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

10 நவம்பர் 2024, மாலை 5.30

எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. பெரிய திருத்தம்.

மூன்று பேர், அடுத்த ஆடிக்குப் பிள்ளைகளைக் காரையாற்றுக்கு அழைத்துப்போக மாட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் எழுத்தால் ஒரு குடும்ப வழக்கம் நிற்கிறதே என்று சங்கடப்பட்டு, ஆலையின் ஆகஸ்ட் மாதக் கணக்குப் புத்தகத்தை எடுத்து நாள் எண்ணினேன். ‘ஏறக்குறைய இரண்டு வாரம்’ என்று எழுதியது தவறு. நான் விடுப்பு எடுத்தது ஆகஸ்ட் 29, வியாழக்கிழமை. காட்டிலிருந்து இறங்கியது 5-ஆம் தேதி. இடையில் 24 நாள். இந்தக் காய்ச்சல் கடித்த ஆறிலிருந்து 21 நாளுக்குள் வருவது. பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு நாளில்.

அதே புத்தகத்தில் ஆகஸ்ட் 18, ஞாயிறு, என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘பின்பக்கம் புதர் வெட்டு, ஆள் இரண்டு. பன்னரிவாள் சாணை.’

ஆலைக்குப் பின்னால் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிற சிறு வாய்க்கால் ஓடுகிறது. கரையில் இடுப்பளவு புல். சிந்தும் நெல்லுக்கு வரும் எலிகளுக்கு அதுதான் குடியிருப்பு. அன்று நானும் கூட நின்று வெட்டினேன். சட்டையைக் கழற்றிப் புதர்மேல் உலரப் போட்டேன். மத்தியானம் வேப்ப மர நிழலில் வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்தேன். எலி இருக்கும் புதர்தான் அந்தப் பூச்சிக்கும் இடம். 18-லிருந்து 29 வரை எண்ணினால் சரியாகப் பதினொரு நாள்.

உறுதியாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதமாக நான் காரையாற்றின்மேல் போட்ட பழி அதற்குரியதில்லை என்றே இப்போது படுகிறது. தினமும் போய்வருகிற இடத்தை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பாளையங்கோட்டை மருத்துவர் ‘எங்கெங்கே போனீர்கள்’ என்று கேட்டபோதும் ஆலையின் பின்பக்கத்தைச் சொல்லவில்லை. அது ‘போன இடம்’ என்றே எனக்குத் தோன்றவில்லை.

10 நவம்பர் 2024, இரவு 10.10

அன்று புதர் வெட்டிய மற்ற இருவரையும் இன்று சாயங்காலம் தேடிப்போய்ப் பார்த்தேன். ஒருவர் நலம். இன்னொருவருக்குச் செப்டம்பரில் ‘ஒரு வாரம் சளிக்காய்ச்சல்’ இருந்து தானாகவே தணிந்ததாம். அது என்னவென்று இனித் தெரியப்போவதில்லை. இருவரையும் என் செலவில் மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். முதலாளியிடம் பேசி முழங்கால்வரை பூட்ஸ் வாங்கவும் ஏற்பாடு.

11 நவம்பர் 2024, காலை 6.50

மாட்டு உண்ணியா என்று இருவர் கேட்கிறார்கள். இல்லை. மாட்டின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணி வேறு, இது வேறு. பெயர்தான் ஒன்றாகிவிட்டது. இதில் குஞ்சுப் பருவம் மட்டுமே கடிக்கும், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. கிருமி தாய்ப் பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஆகவே என் தட்டைத் தனியாகக் கழுவிய உறவினர்களே, இனி வேண்டாம்.

17 டிசம்பர் 2024, இரவு 9.00

சென்ற ஆண்டு இதே இரவுதான் அந்தப் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, பயணிகள் உள்ளேயே சிக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் அக்காளின் வீடு. அத்தான் மார்பளவு தண்ணீரில், பக்கத்து வீட்டு ஆச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தலைக்குமேல் தூக்கிப் பள்ளிக்கூட மாடியில் சேர்த்தார். அவர் கதையை அவர் எழுத மாட்டார், நான் எழுதுகிறேன்.

எட்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் சதை தொட முடியாத வலி, கண்ணில் மஞ்சள். காமாலை என்று நாட்டு மருந்துக்கு ஓட இருந்தார்கள். அக்காள்தான் “இவர் வெள்ளத்தில் நின்றவர், குதிகாலில் வெடிப்பு” என்று மருத்துவரிடம் சொன்னாள். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் தோல் வெடிப்பு வழியே புகுந்திருக்கிறது. அவள் சொன்ன அந்த ஒரு வரி அவர் உயிரைக் காத்தது என்றே நான் நம்புகிறேன்.

19 ஜனவரி 2025, காலை 11.20

உடம்பு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சல் மாத்திரை தொடங்கி மூன்று நாளில் போனது, அசதி மூன்று மாதம் இருந்தது. வலது காதில் பஞ்சு அடைத்தது போல ஒரு மந்தம் தீபாவளிவரை. வெடிச்சத்தம் தெளிவாகக் கேட்டபோதுதான் காது திரும்பியது என்று தெரிந்தது.

பொங்கலுக்கு வந்த பெரியப்பா இந்தக் கதையைக் கேட்டு, தாத்தாவை நினைவுகூர்ந்தார். தாத்தா 1942-ல் ரங்கூனிலிருந்து காடும் மலையுமாக நடந்தே வந்தவர். கூட நடந்த அவருடைய தம்பி வழியில் காய்ச்சலில் போய்விட்டார். “காட்டுக்காய்ச்சல், விடுகிற காய்ச்சல் இல்லை” என்று மட்டும் தாத்தா சொல்வாராம். உலகப் போரின்போது பர்மா, அசாம் காடுகளில் சிப்பாய்கள் ஸ்க்ரப் டைபஸில் கூட்டமாக விழுந்தார்கள். மலாயாவில் 1948-ல்தான் குளோராம்பெனிகால் என்ற மருந்து அதைக் கட்டுப்படுத்தும் என்று கண்டார்கள். சின்னத் தாத்தாவுக்கு வந்தது மலேரியாவாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒரு பட்டை மாத்திரையில் நான் எழுந்து உட்கார்ந்ததை நினைத்து, முகம் பார்த்திராத அந்த மனிதருக்காக அன்றிரவு அழுதேன்.

20 ஜூலை 2025, இரவு 8.40

வரும் வியாழன், 24-ஆம் தேதி ஆடி அமாவாசை. போகிறோம். அம்மா அந்தக் கோயிலில் இருக்கும் பட்டவராயன் சாமிக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு நேர்ந்திருக்கிறாள். வார் தடிமனாக இருக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் நான்கு ஜோடியை எடுக்கச் சொல்லி வளைத்துப் பார்த்து வாங்கினாள். காடெல்லாம் சுற்றுகிறவன் காலுக்குப் போடுவது அல்லவா.

பெரிய தார்ப்பாய் ஒன்று, கொடிக்கயிறு பத்து கெஜம். துணியை இனிப் புதரில் போடுவதில்லை. எல்லோருக்கும் முழுக்கை, முழுக்கால் உடை. ஆற்றில் குளித்ததும் மாற்றிவிட வேண்டும். மருமகன் நடு ஆற்றுக்குப் போவதில்லை என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

28 ஜூலை 2025, காலை 7.00

சனிக்கிழமை திரும்பினோம். அந்தப் பெரியவரையும் அண்ணாச்சியையும் குடில் குடிலாகத் தேடினேன், கிடைக்கவில்லை. மருத மரம் நிற்கிறது. பாறையும் அங்கேயே இருக்கிறது. பையன் கரையில் நின்று வெகுநேரம் அதைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

16 ஆகஸ்ட் 2025, இரவு 9.15

இன்றோடு 21 நாள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஊர் திரும்பிய நாள் முதல் மருமகன் நாட்காட்டியில் பென்சிலால் ஒவ்வொரு நாளையும் அடித்துக்கொண்டு வந்தான். இன்றைய கட்டத்தை அடித்துவிட்டு, “மாமா, ஆலை வாய்க்கால் பக்கம் போனதற்குத் தனியாக எண்ண வேண்டாமா?” என்று கேட்டான். போன ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே புல் வெட்டினோம், பூட்ஸ் போட்டுக்கொண்டு. 10-ஆம் தேதியில் ஒரு வட்டம் போட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறான்.